முதலில் எர்த்தைப் பார்!

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010-ல் இங்கிருந்து வெளியே போன மெக்கானிக்கல் பிரிவைச் சேர்ந்தவன் நான். இப்போது அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். சங்கச் செயலாளர் போன் செய்து, "வெளிநாட்டு அனுபவத்தைப் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். நயாகராவைப் பார்த்து வந்ததையும், பனியில் வழுக்கி விழுந்ததையும் சொல்ல இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு வெள்ளை ஒயரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் சிரிக்கக் கூடாது. சிரிப்பதென்றால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்!

டெக்ஸாஸில் வீட்டுக்கு வீடு பிக்கப் டிரக் என்று சொல்லிவிடலாம். முன்னால் கார் மாதிரி இருக்கும், பின்னால் திறந்த தொட்டி. பின் பம்பருக்குக் கீழே ஒரு இரும்புப் பந்து. அந்தப் பந்தில் டிரெய்லரை மாட்டிவிட்டால் படகு, குதிரை, புல்வெட்டும் எந்திரம், வீட்டுச் சாமான் எல்லாம் போகும். நானும் ஊரோடு ஒத்துவாழ, 1990-களில் தயாரான ஒரு பழைய பிக்கப்பும், இரண்டு அச்சு, நாலு சக்கரம் கொண்ட ஒரு பழைய டிரெய்லரும் வாங்கினேன். விலை மலிவு. 'நாமதான் இன்ஜினியராச்சே, பார்த்துக்கலாம்' என்ற தைரியம் வேறு.

2019 ஜனவரி. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட அரங்கில் பொங்கல் விழா நடத்தினோம். மேடைப் பலகை, மடக்கு நாற்காலி, பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றையும் கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. பகலில் கிளம்பும்போது என் மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதித்தேன். "எரியுதுங்க, கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றாள். பழைய பல்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போகும்போது பிரேக் போட்டால் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருந்தது. சுமை அதிகம், அதனால்தான் என்று அதையும் விட்டுவிட்டேன். கண்ணெதிரே வந்த இரண்டு சாட்சிகளையும் நானே துரத்தியடித்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

இரவு பத்து மணிக்குத் திரும்பினோம். நெடுஞ்சாலை. என் மனைவி காரில் குழந்தையோடு பின்னால் வருகிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கார். முன்னால் போக்குவரத்து திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் 'கிறீச்' என்று ஒரு சத்தம், நீளமாக ஹாரன். நடுவில் வந்த கார் கடைசி நொடியில் பக்கத்துப் பாதைக்கு ஒடித்துப் போனது. அடுத்த நிமிடம் என் மனைவியின் போன். குரல் நடுங்குகிறது.

"என்னங்க, நீங்க பிரேக்கே போடலையா?"

"போட்டேனே!"

"பிரேக் லைட்டே வரலைங்க. எரிஞ்சுகிட்டிருந்த செவப்பு லைட்டும் சேர்ந்து அணைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கார்ல புள்ளைங்க இருந்தாங்க, நான் பார்த்தேன்."

பிக்கப்பின் சொந்த விளக்குகள் நன்றாகத்தான் எரிந்தன. ஆனால் உயரமாக அடுக்கிய மேடைப் பலகைகள் அவற்றை முழுக்க மறைத்திருந்தன. பின்னால் வருகிறவருக்கு டிரெய்லரின் இரண்டு விளக்குகள்தான் கண். பிரேக் போடும்போது பிரகாசமாக எரிய வேண்டிய விளக்கு, பிரேக் போட்டதும் அணைகிறது!

மெதுவாக ஓட்டிப் பக்கத்திலிருந்த ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினேன். கருவிப் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. கடையில் இரண்டு புது பல்பு வாங்கி மாற்றினேன், அதே மங்கல். பிளக்கைக் கழற்றி சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன், 12.6 வோல்ட், ஜோர். வெள்ளை ஒயரின் தடையை அளந்தேன். மீட்டர் ஒயரின் தடையைக் கழித்தால் 1 ஓம். 'ஒரு ஓம்தானே, அது ஒரு பொருட்டா' என்றேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், மங்கலாக எரிந்தது. நிற்கும்போது எரிகிறது, ஓடும்போது அணைகிறது. அப்படியானால் ஆட்டத்தில் ஏதோ ஒயர் விலகுகிறது என்று முடிவு கட்டி, கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் டேப் போட்டு இறுக்கினேன். ஒரு மணி நேரம் போயிற்று. குழந்தை காரில் தூங்கிவிட்டது.

இந்த இடத்தில் உங்களை நம் மின்னியல் ஆய்வகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு அங்கே வாரம் ஒரு நாள் வகுப்பு. மின்மாற்றிச் சோதனை, அதாவது 'லோடு டெஸ்ட்'. மதியம் கிரிக்கெட் மேட்ச் இருந்ததால், பக்கத்து அணியின் அளவுகளை இரண்டு மூன்று இலக்கம் மாற்றி அப்படியே எழுதிவிட்டேன். அங்கிருந்த உதவியாளரை எல்லோரும் 'லேப் அண்ணா' என்போம். அவர் நோட்டைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. சுமை ஏற ஏற வோல்ட்டேஜ் இறங்க வேண்டும், என் நோட்டில் ஒரு இடத்தில் ஏறியிருந்தது! பேராசிரியரிடம் சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் என்னை மட்டும் நிறுத்தி, மறுபடி முழுச் சோதனையையும் செய்யவைத்தார். ஸ்விட்சைத் தட்டத் தட்ட முள் இறங்குவதைக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, சும்மா இருக்கறப்ப எல்லா ஒயரும் நல்ல ஒயருதான். சுமையைப் போட்டுட்டு அப்புறம் பாரு. அதுலயும் முதல்ல எர்த்தைப் பாரு. போற கரண்டை எல்லாரும் பார்ப்பான், திரும்பி வர்ற பாதையை ஒருத்தனும் பார்க்க மாட்டான்."

பெட்ரோல் பங்கில் நள்ளிரவில் அந்தக் குரல் காதில் கேட்டது என்றால் மிகையாகாது. 'நான் சுமையே போடாமல் அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்!'

விஷயம் இதுதான். என் டிரெய்லரில் நாலு சக்கரத்திலும் மின்சார பிரேக். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின்காந்தம், ஒன்று சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலர், வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப மின்காந்தத்துக்குக் கரண்ட் அனுப்பும். நிற்கிற வண்டியில் பிரேக்கை மிதித்தால் விளக்கு எரியும், ஆனால் மின்காந்தத்துக்குப் பெரிதாக எதுவும் போகாது. ஓடும்போது அழுத்தி மிதித்தால்தான் முழுச் சுமை. அதனால்தான் பகலில் செய்த சோதனையில் நான் 'பாஸ்'.

கன்ட்ரோலரில் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் தள்ளினால் வண்டி நின்றாலும் டிரெய்லர் பிரேக் முழுதாகப் பிடிக்கும். மனைவியிடம், "அதைத் தள்ளும்மா" என்றேன். தள்ளினாள். விளக்குகள் கண் எதிரே அணைந்தாற்போல் ஆயின. சாலையில் அவள் பார்த்த காட்சியை நின்ற இடத்திலேயே வரவழைத்தாயிற்று. உடனே பேட்டரிக்கு மாட்டும் ஜம்பர் கேபிளை எடுத்து, டிரெய்லர் சட்டத்தில் பெயின்டைச் சுரண்டி ஒரு முனையையும், பிக்கப்பின் சட்டத்தில் மறு முனையையும் கடிக்கவிட்டேன். கைப்பிடி தள்ளியபடியே இருக்க, எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன. கோளாறு போகிற பாதையில் இல்லை, திரும்புகிற பாதையில்.

அன்று இரவு டிரெய்லரை இழுத்துப் போகவில்லை. பங்குக்காரரிடம் அனுமதி கேட்டு ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பார்த்தேன். டிரெய்லரின் மூக்குப் பகுதியில் வெள்ளை ஒயரை ஒரு சின்ன ஸ்குரூ போட்டுப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள். துருவேறிப் போயிருந்தது. ரப்பரை உரித்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. உயிரோடிருந்தவை இரண்டு மூன்று இழைகள்தான். மீட்டர் அளக்கும்போது அனுப்புவது மிகச் சொற்பமான கரண்ட். அதற்கு அந்த இரண்டு இழை தாராளம். 19 ஆம்பியருக்கு?

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். பின்விளக்கு, ஓர விளக்குகள் எல்லாம் சேர்ந்து 2.5 ஆம்பியர். பிரேக் விளக்கு இரண்டும் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். மின்காந்தங்கள் 12 ஆம்பியர். மொத்தம் ஏறக்குறைய 19. பின்விளக்கு மட்டும் எரியும்போது அந்த 1 ஓம் விழுங்குவது 2 வோல்ட், யாரும் கவனிக்க மாட்டார்கள். முழுச் சுமையில் அது 7 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். விளக்குக்கும் பிரேக்குக்கும் மிஞ்சுவது 5 வோல்ட்டுக்கும் குறைவு. விளக்கு அணைந்தது போதாதென்று, பிரேக்கும் பாதி பலம்கூட இல்லாமல் பிடித்திருக்கிறது. பின்னாலிருந்து தள்ளியது சுமை அல்ல, என் அலட்சியம்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். டிரெய்லர் எர்த்துக்குப் போடும் 10 கேஜ் செம்பு ஒயர் 1 ஓம் தடை காட்ட வேண்டுமானால் அது 1000 அடி நீளம் இருக்க வேண்டும். நான் 'ஒரு பொருட்டா' என்று தள்ளிய 1 ஓம், இரண்டு அங்குலக் களிம்புக்குள் 1000 அடி ஒயரைச் சுருட்டி வைத்தது போல.

வண்டி வைத்திருப்பவர்கள் இந்த மலரை எடுத்து வைத்துக்கொள்ளப் பயன்படட்டும் என்று, நான் கற்ற முறையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நோயின் குறியைப் படியுங்கள். ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர், அல்லது அதன் சொந்த ஒயர். பல விளக்குகள் ஒன்றாக விசித்திரம் காட்டினால் எர்த். இடது சிக்னல் போட்டால் வலது விளக்கும் மங்கலாகத் துடிக்கும், பிரேக் போட்டால் ஓர விளக்கு எரியும். திரும்பும் பாதை அடைபட்ட கரண்ட், அடுத்த விளக்கின் இழை வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கிறது என்று பொருள்.

இரண்டாவது, பிளக். கூர்களில் களிம்பு இருந்தால் சுத்தம் செய்யுங்கள். அமெரிக்காவில் நாலு கூர் பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. அங்கே பிரேக்குக்கும் சிக்னலுக்கும் பெரும்பாலும் ஒரே சிவப்பு விளக்குதான். ஏழு கூர் பிளக்கில் மின்சார பிரேக், பேட்டரி, ரிவர்ஸ் விளக்கு மூன்றும் கூடும். ஆனால் நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள். வீடு போன்ற பெரிய முகாம் டிரெய்லர்களின் பழைய வழக்கத்தில் பழுப்பு வலது சிக்னல், பச்சை பின்விளக்கு! கூரின் இடத்தைப் பார்த்து, மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, ஜம்பர் சோதனை. சட்டத்துக்குச் சட்டம் ஒரு தடித்த கேபிளை இணைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் எர்த்தான். மறையாவிட்டால் பிளஸ் பக்கத்திலும், விளக்கின் சொந்த எர்த்திலும் தேடுங்கள். 'இரும்புப் பந்து வழியா எர்த் வந்துடும்' என்று சிலர் சொல்வார்கள். பந்தில் கிரீஸ் இருக்கிறது, குலுங்குகிறது. பந்து இழுப்பதற்குத்தான், கரண்டுக்கு அல்ல.

நான்காவது, சுமையோடு அளப்பது. எல்லா விளக்கும் எரிய, பிரேக் கைப்பிடியும் தள்ளியிருக்க, மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை டிரெய்லர் சட்டத்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தேட வேண்டியதுதான். பிறகு அந்த மறு முனையை பிக்கப் சட்டம், சாக்கெட், வெள்ளை ஒயரின் முனை, டிரெய்லர் சட்டம் என்று படிப்படியாக நகர்த்துங்கள். அளவு எந்த இடத்தில் திடீரென்று தாவுகிறதோ அங்கேதான் திருடன்.

ஐந்தாவது, பழுது பார்ப்பது. பளபளக்கும் செம்பு வரும் வரை ஒயரை வெட்டுங்கள். வளைய முனையை அழுத்திப் பொருத்தி, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடேற்றுங்கள். சட்டத்தில் பெயின்டையும் துருவையும் வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து, நட்டு போல்ட்டில் இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் மேலே கிரீஸும் பெயின்டும். ஒயரைக் குத்திப் பிடிக்கும் மலிவு கிளிப் வேண்டாம், அது போட்ட ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். முடிந்தால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் தனி எர்த் ஒயரே இழுத்துவிடுங்கள். நான் அப்படிச் செய்த பிறகு முழுச் சுமையில் இழப்பு 0.3 வோல்ட்தான்.

ஆறாவது, ஒரு எச்சரிக்கை. "நான் எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கேன், பிரகாசமா எரியுது" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, கெட்ட எர்த்திலும் நன்றாக எரியும். பிரேக்தான் பட்டினி கிடக்கும், வெளியே தெரியாது. ஆகவே கிளம்பும் முன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக், இடது, வலது எல்லாம் பாருங்கள். பிறகு மெதுவாக உருட்டிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளுங்கள். டிரெய்லர் உங்களைப் பின்னால் பிடித்து இழுக்க வேண்டும்.

நண்பர்களே, இது ஏதோ அமெரிக்கக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று இரவு நம் கல்லூரிக்கு வரும் சாலையில், கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் வந்தேன். பின்னால் ஒரு விளக்குகூட இல்லை. கரும்பு பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. டீக்கடையில் நிறுத்திய அந்த ஓட்டுநரிடம், "லைட்டு இல்லையா அண்ணே?" என்று கேட்டேன். "இருக்கு சார். எர்த்து நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை பல்பு மாத்திட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. படித்த நானும் அதே பல்பைத்தானே மாற்றிக்கொண்டிருந்தேன்! இழுக்கிற கொக்கியையே எர்த்தாக நம்பி ஓடுகிற டிரெய்லர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவற்றுக்கு வேண்டியது இரண்டு பாகத்தையும் இணைக்கும் ஒரு தனி ஒயர், நல்ல போல்ட், ஒரு உப்புத்தாள். விளக்கு போனாலும் காப்பாற்ற, பின்னால் நாலு சிவப்பு ரிஃப்ளெக்டர்.

நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கரும்பு வெட்டு தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சுற்றுவட்டார டிரெய்லர்களின் எர்த்தைச் சரிசெய்து கொடுக்கட்டும். ஒயர், போல்ட், ரிஃப்ளெக்டர், நாலு மல்டிமீட்டர், இவற்றின் செலவு எங்கள் பிரிவுடையது. மாணவர்களுக்கும் அது ஒரு 'லோடு டெஸ்ட்' ஆகட்டும். இதை அவர்கள் நோட்டைப் பார்த்து எழுத முடியாது.

கடைசியாக ஒன்று. லேப் அண்ணா ஓய்வு பெற்றுவிட்டார். இன்று நமக்காக வந்து நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு அழைத்தோம், "எனக்கு எதுக்குத் தம்பி" என்று மறுத்துவிட்டார். அண்ணா, அந்த இரவு என் டிரெய்லருக்குப் பின்னால் வந்த கார் எங்கள் மேல் மோதாமல் போனது அந்த ஓட்டுநரின் திறமை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அப்படி ஒடித்துத் திருப்ப வேண்டிய நிலை வராதது, நீங்கள் என்னை ஐந்து மணிக்கு மேல் நிறுத்திவைத்ததால்தான். அன்று மேட்ச் போயிற்றே என்று உங்களை மனசுக்குள் திட்டினேன். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் பின்னால் போய் விளக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.